மொட்டை ராணியின் கிரகம்

12-6, வியாழன். காலையிலேயே வெயில்.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: இன்று காலை ஏழு மணி முதல், புத்தூர் பஜார் பின்சந்தில் உள்ள எங்கள் வீட்டுச் சீப்பு முழுக்க முழுக்க எனக்கே சொந்தம். மற்ற இரு பங்குதாரர்களும் விலகிவிட்டனர். நைனாவின் பங்கு எப்போதோ தானாக உதிர்ந்தது. அம்மாவின் பங்கு நேற்று, திருமலையில்.

அறிவிப்பு முடிந்தது. எழுதும்போது சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

நடந்தது இதுதான். ஏப்ரலில் போர்வை போர்த்திக்கொண்டு, பேயாக மதில் மேல் நடந்து, பக்கத்து வீட்டு ரமணம்மாவைப் பயமுறுத்தப் போனேன். அவர் பயப்படவில்லை. நான் விழுந்தேன். இடது கை, இரண்டு இடத்தில். நம் ஊர்க் கட்டுதான். முட்டை, பச்சிலை, மூங்கில் தப்பை. ஒன்றரை மாதம் தெருப் பூனைகள் எல்லாம் முட்டை வாசத்துக்கு என் பின்னாலேயே வந்தன.

கை நேரானால் இவன் முடியைத் தருகிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டாள். இவன் என்றால் நான். ஒரு வருடம் ஜெல் தடவி வளர்த்த முடி.

நேற்று மலையில் வரிசையில் நின்றோம். டோக்கனும் அரை பிளேடும் கைக்கு வந்தன. தலையை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டேன். "ஒண்ணுக்குப் போயிட்டு வரேம்மா" என்று நழுவினேன். முக்கால் மணி நேரம் வேண்டுமென்றே சுற்றினேன். திரும்பி வந்தால் பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா வெளியே வருகிறாள். இடுப்பு வரை இருந்த ஜடை இல்லை. தலை முழுக்கச் சந்தனம்.

"வேண்டினது வேண்டினதுதான்டா சின்னா. யாரு முடின்னு சாமி பேரு கேட்டுக்கினா இருப்பாரு?"

நைனா என்னைத் திட்டவில்லை. ஒரு பார்வை மட்டும். திட்டியிருக்கலாம்.

13-6, வெள்ளி. மேகம் மட்டும். மழை இல்லை.

அம்மா வாசலுக்கே வரவில்லை. குழாயடிக்கு நைனா. பால் பாக்கெட்டுக்கு நான்.

என் பங்குக்கு, "குண்டு பல்பு வந்துடுச்சு, இனிமே கரண்ட் பில் மிச்சம்" என்றேன். அம்மா சிரித்தாள். பிறகு உள்ளே போய்த் துண்டைக் கட்டிக்கொண்டாள். மதியம் தூங்கும்போதும் அவிழ்க்கவில்லை. இதுவரை நான் சொன்ன ஜோக்குகளிலேயே மட்டமானது இதுதான்.

அம்மாவுக்கு பஜாரில் புடவைக் கடையில் வேலை. வருகிறவர்களுக்கு, புடவையைத் தன் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நின்று காட்டுவது அவள்தான். அம்மா மேல் பார்த்துவிட்டு, 'அதே கலர் குடுங்க' என்று வாங்குகிறவர்கள் பாதிப் பேர். ஞாயிறு வரை லீவு. திங்கள் போகவேண்டும்.

சமையலறையில் பேச்சு. (ஒட்டுக் கேட்கவில்லை. காது அந்தப் பக்கம் இருந்தது.)

"திங்கக்கெழமலருந்து நான் போவலய்யா. இந்தத் தலைய வச்சிக்கினு கண்ணாடி முன்னாடி எப்புடி நிப்பேன்? வேற ஆள வச்சிக்கட்டும்."

"சாமிக்குக் குடுத்ததுக்கு வேலய உடுவாங்களா?"

"உனுக்குப் பழகிப்போச்சு, பேசற."

நைனா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. நான் பாதித் தோசையோடு எழுந்துவிட்டேன்.

செய்யவேண்டியவை:
கெமிஸ்ட்ரி ரெகார்டு.
சைக்கிள் பஞ்சர்.
திங்கட்கிழமைக்குள் அம்மாவை வெளியே கொண்டுவருவது. எப்படி? தெரியாது.

14-6, சனி. திருப்பதியில் கொளுத்தும் வெயில். கை அசதி, ஆனாலும் எழுதுகிறேன்.

அம்மாவை சினிமாவுக்கு அழைத்துப் போய்விட்டேன்! விண்வெளிப் படம். ஆங்கிலம், தெலுங்கு டப்பிங். திருப்பதியில் மேட்னி.

"நான் வரல. நீ போ."

"பஸ்ல கம்பிய ஒரு கையாலதான் புடிக்கணும். மறுபடியும் உழுந்தா யாரு முடிய வேண்டிக்குவ? நைனாவுதா?"

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு புடவை மாற்றினாள். முந்தானையை முக்காடாக, நெற்றி வரை.

படத்தைப் பற்றி. முதலில் குறைகள்:
வானத்தில் இரண்டு சூரியன். ஆளுக்கு ஒரே நிழல்.
கதாநாயகனின் இடது கையுறை கடலில் விழுகிறது. அடுத்த காட்சியில் கையில் இருக்கிறது.
வில்லன் தன் திட்டம் முழுவதையும் கதாநாயகனிடமே விளக்குகிறான். எங்கள் பிசிக்ஸ் சார்கூட இவ்வளவு பொறுமையாக விளக்கமாட்டார்.
கப்பல் விண்கலம் இல்லை, வெண்கலம். அண்டா மாதிரியே இருந்தது.
வேற்றுக் கிரகவாசி பேசுவது சுத்தமான கோதாவரித் தெலுங்கு.
காதலி எதற்கு வந்தாள், எங்கே போனாள்? யாருக்கும் தெரியாது.

ஆக, கதை மொட்டை. ஆனால் காட்சி! அம்மாடி. நீல மணல். தண்ணீருக்கு அடியில் விளக்கேற்றிய மாதிரி ஒரு காடு, நாம் மூச்சு விட்டால் இலைகள் மூடிக்கொள்ளும். கோயில் கோபுரம் அளவுக்குப் பறவைகள், மேகத்துக்குள் மெதுவாகத் திரும்புகின்றன. நான் பாப்கார்னை மடியில் வைத்துக்கொண்டு தின்ன மறந்தேன். இது சரித்திரம்.

பிறகு அந்தக் கிரகத்து ஜனங்கள் வந்தார்கள். ஆயிரம் பேர். ஒருவருக்கும் தலையில் முடி இல்லை. நடுவில் ராணி. மொட்டைத் தலை முழுக்கத் தங்கப் பொட்டு. பறவை மேல் நின்றபடி வருகிறாள், காற்றில் துணி பறக்கிறது, தலை நிமிர்ந்தே இருக்கிறது.

எனக்கு அம்மா பக்கம் திரும்பவே பயம். வேண்டுமென்றே கூட்டி வந்தேன் என்று நினைத்திருப்பாளோ?

அம்மா என் காதருகே குனிந்தாள். "இன்னாடா, இந்த ஊரே மொத்தமா வேண்டிக்கினாங்களா?"

நான் சிரித்த சிரிப்பில் முன் வரிசை திரும்பிப் பார்த்தது. அங்கே மலையிலிருந்து இறங்கி நேராக வந்திருந்த ஒரு குடும்பம். ஏழு தலை, ஏழிலும் சந்தனம், திரை வெளிச்சத்தில் ஒரே மினுமினுப்பு. கிரகம் தியேட்டருக்குள்ளேயும் இருந்தது. அதில் நாலு வயதுப் பெண் ஒன்று, சீட்டில் முட்டி போட்டுக்கொண்டு அம்மாவையே பார்த்தது. முக்காடு விலகியிருந்தது.

"நுவ்வு கூடா குண்டேனா?" நீயும் மொட்டையா என்று.

"அவுனம்மா" என்று அம்மா முந்தானையை இறக்கிக் காட்டினாள். குழந்தை எட்டி, தடவிப் பார்த்து, தன் தலையையும் தடவிப் பார்த்துவிட்டுப் படம் பார்க்கத் திரும்பிவிட்டது.

அம்மா முந்தானையை மறுபடி ஏற்றவில்லை. மிச்சப் படம் முழுக்க அப்படியே. நான் பாதி நேரம் திரையையும் பாதி நேரம் அவளையும் பார்த்தேன். நீல வெளிச்சம் அவள் தலையில். அழகாகத்தான் இருந்தாள்.

வெளியே வந்ததும் கேட்டேன், எப்படி இருந்தது என்று.

"கத ஒண்ணும் புரியல. அவன் எதுக்கு அந்தக் கல்ல தூக்கிக்கினு ஓடனான்?"

"எனுக்கும் தெரியலம்மா."

"ஆனா இன்னொரு வாட்டி போட்டாலும் பாப்பேன்டா."

நானும்.

பஸ் ஏறினதும் முக்காடு திரும்பி வந்துவிட்டது. "அது இருட்டு. கடையில ட்யூப்லைட்டு" என்றாள்.

15-6, ஞாயிறு. சாயங்காலம் நாலு தூறல்.

அவசரச் செய்தி. நானும் மொட்டை.

வீர மகன், தாயின் பொருட்டு, ஒரு வருடச் சொத்தைத் துறந்தான். கை நடுங்கவில்லை. கண் கலங்கவில்லை. நைனா சாட்சி.

அம்மா அடுப்பருகில் நின்றவள் என்னைப் பார்த்தாள். கரண்டி கீழே விழுந்தது. கிட்டே வந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்தாள்.

"எனுக்காவவாடா?"

தலையை ஆட்டினேன். வாயைத் திறக்கவே இல்லை. என் வாழ்க்கையில் முதல் முறை.

"அவனாத்தான் கேட்டான்" என்றார் நைனா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

அம்மா அழுதாள், உடனே சிரித்தாள், பிறகு மறுபடி அழுதாள். துண்டை எடுத்து என் தலையைத் துடைத்தாள். அது அவள் தலையில் கட்டியிருந்த துண்டு.

16-6, திங்கள். வெயில், காற்று.

போனாள்!! துண்டு இல்லை, முக்காடு இல்லை. பெரிய பொட்டு. கடை வரை மூவரும் நடந்தோம். ஆட்டோ ஓட்டும் நைனா இன்று வண்டியையே எடுக்கவில்லை. மூன்று தலை, வரிசையாக. ரமணம்மா வாசலில் நின்று, "பங்காரம் லாண்டி கொடுக்கு!" என்றார். தங்கமான பிள்ளையாம். போர்வைப் பேயை மன்னித்துவிட்டார் போல.

பாதி திறந்திருந்த கண்ணாடிக் கதவு வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தேன். மாம்பழ நிறப் பட்டுப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா நின்றாள். வாங்க வந்த அம்மாள் புடவையை விட்டுவிட்டு, "மலைக்கா? எப்போ போனீங்க?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மா நிமிர்ந்து, கண்ணாடியில் தன்னையே ஒரு முறை பார்த்தாள். பிறகு மடிப்பைச் சரிசெய்தாள்.

தெருவில் இன்று ஐந்து பேர் என்னைப் பாராட்டினார்கள். ஐந்தையும் வாங்கிக்கொண்டேன்.

சரி. இங்கே மட்டும், ஒருவரும் படிக்கமாட்டார்கள் என்பதால்.

அந்தப் படத்தில் கதாநாயகனுக்குக் காதுக்கு மேலே மூன்று மின்னல் கோடு மழித்திருக்கும். கதையில் அதற்கும் காரணம் இல்லை. ஆனால் அது எனக்கு வேண்டும். ஞாயிறு காலை, பாத்ரூம், நைனாவின் தாடி டிரிம்மர். இரண்டாவது கோடு வளைந்து முதல் கோட்டுக்குள் போய்விட்டது. மூன்றாவது போடும்போது டிரிம்மரைப் பிடித்திருந்த இடது கை தளர்ந்து, காதிலிருந்து உச்சி வரை ரோடு. அழுதேன். சத்தமாக. சமையலறையில் மிக்ஸி ஓடியதால் அம்மாவுக்குக் கேட்கவில்லை. நைனா கதவைத் தட்டி உள்ளே வந்து பார்த்தார். திருமலையிலிருந்து வந்த பிறகு அவர் என்னிடம் சிரித்தது அப்போதுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, மிச்சத்தையும் அவரே இறக்கினார்.

"அம்மா கேட்டா இன்னா சொல்றது, நைனா?"

"நீ ஒண்ணும் சொல்லாத. வாயத் தொறந்தா கெடுத்துடுவ."

அம்மாவிடம் சொல்லவேண்டும். சொல்வேன். ஒரு வாரம் அந்தக் கண்ணாடி முன் நின்று பழகட்டும், சொல்கிறேன்.

முதல் கோடு மட்டும் நேராகத்தான் வந்தது.