ஐம்பத்தைந்துக்கும் நூற்றைம்பதுக்கும் நடுவில்

கிகிந்தா,
டிசம்பர் 12

அன்புள்ள கோய்கோ அண்ணாவுக்கு,

ஸ்மில்யா எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும்; கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். போன் இருக்க இவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று பதற வேண்டாம். வீட்டில் இருக்கிற ஒரே போனும் கம்ப்யூட்டரும் இப்போது முழு நேரமும் என் வீட்டுக்காரர், உங்கள் நண்பர் கையில். அவர் கண்ணில் படாமல் உங்களிடம் ஒன்று கேட்க எனக்கு வேறு வழியில்லை.

மார்ச்சில் எங்கள் ஒக்னியனை அடக்கம் செய்துவிட்டு நீங்கள் உங்கள் ஊர் மாரிபோருக்குப் பஸ் ஏறினீர்களே, அன்றைக்குச் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான் ராதிவோய். பெற்ற பிள்ளையைப் புதைத்தவரிடம் எழுந்திரு என்று யார் சொல்வது? நான் சொல்லவில்லை. அவர் வேலை செய்யும் கூரை ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் வந்தார்கள், பாதிரியார் வந்தார், வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டேன். கோடை முழுக்க அவர் வாயிலிருந்து ‘ம்’ தவிர வேறு எதுவும் வரவில்லை.

நவம்பரில் வழக்கம்போலச் சதுக்கத்து மரங்களில் ஆந்தைகள் வந்து இறங்கின. ரொட்டி வாங்கிவரச் சொல்லி ஒருநாள் அவரை விரட்டிவிட்டேன். வந்தார், ரொட்டியை வைத்தார், கேமராப் பையை எடுத்துக்கொண்டு மறுபடி போனார். இருட்டியதும் சமையலறை வாசலில் வந்து நின்றார். “குட்டி லென்ஸ்ல மரம் முழுக்கத் தெரியுது, ஆந்தை தெரியல. பெருசுல ஒரு கண்ணு மட்டும் தெரியுது. நடுவுல நம்மகிட்ட ஒண்ணுமே இல்ல ஸ்மில்யா” என்றார். அத்தனை மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் முழுப் பேச்சு அதுதான்.

உங்களுக்குத் தெரியாததா? இந்தக் கேமராப் பைத்தியத்தை அவருக்குப் பிடிக்க வைத்ததே நீங்கள்தானே. சின்ன லென்ஸ் ஐம்பத்தைந்து மில்லிமீட்டரோடு முடிகிறது. வயல்வெளிக் கொக்குகளுக்காக வாங்கிய பெரியதோ நூற்றைம்பதில்தான் தொடங்குகிறது. நம் ஊர் ஆந்தைகளோ ஆள் தலைக்குச் சற்று மேலே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அந்தத் தூரத்துக்கு இரண்டும் உதவாதாம். அன்றிலிருந்து ஆராய்ச்சிதான். எழுபது–முந்நூறு லென்ஸ் லேசாக இருக்கும், ஆனால் ஆந்தை பறக்கிற அந்தி வெளிச்சத்துக்குப் போதாது. எழுபது–இருநூறுக்கு வெளிச்சம் பிரச்சினையில்லை, ஆனால் கனத்தில் கழுத்து பிய்ந்துவிடும். இருபத்துநாலு–நூற்றைந்து எல்லாவற்றுக்கும் ஆகும், ஆனால் நூற்றைந்துக்கு மேலே மறுபடி ஓட்டை. எதை எடுத்தாலும் எங்கேயாவது கொஞ்சம் விட்டுப்போகிறது. அதுதான் மனுஷருக்குப் பொறுக்கவில்லை. ஐம்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் நடுவில் விட்டுப்போனால் இரண்டு எட்டு பின்னால் போனால் ஆயிற்று, இதற்கா ஒரு மாதம் என்று கேட்டேன். பின்னால் போனால் டிராஃபிக் விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொள்ள வேண்டும், உனக்கு என்ன தெரியும் என்று சீறினார். அவர் சீறியதில் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? இப்போது முகம் மழிக்கிறார், சாப்பிடுகிறார், அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு சதுக்கத்துக்குப் போகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று இவர், கோய்கோவுக்கு எழுதப் போகிறேன், அவன் எதைச் சொல்கிறானோ அதை வாங்கிவிட்டு இந்தப் பேச்சை முடித்துவிடலாம் என்று சொன்னார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாங்கிவிட்டால் அப்புறம்? கொஞ்ச நாள் படம் எடுப்பார். மார்ச்சில் ஆந்தைகள் கிளம்பிவிடும். அதே மார்ச்சில்தான் ஒக்னியனுக்கு வருஷம். அன்றைக்கு இவர் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தால் இன்னொரு தடவை என்னால் முடியாது, அண்ணா.

அதனால் முடிவு சொல்லிவிடாதீர்கள். எந்த லென்ஸைச் சொன்னாலும் அதில் ஒரு குறை கண்டுபிடியுங்கள். உங்களுக்கென்ன, என் கல்யாணக் கேக்கிலேயே குறை கண்டவர். நோவி சாத்தில் பழைய எழுபது–இருநூறு விற்கிற ஒருவர் போன் செய்தார். இவர் அப்போது குளித்துக்கொண்டிருந்தார். வேண்டாம், நாங்கள் வாங்கியாகிவிட்டது என்று நானே சொல்லிவிட்டேன்.

என்னைப் பற்றிக் கேட்பீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. நிஜமாகவே ஒன்றுமில்லை. அழுகையும் வருவதில்லை, பசியும் வருவதில்லை. போன வாரம் பூசணிச் சுருள் சுடும்போது அடுப்புத் தட்டைத் துணியில்லாமல் பிடித்திருக்கிறேன். கொப்புளத்தைப் பார்த்து அவர்தான் கத்தினார். லென்ஸ் பேச்சு வந்தால் மட்டும் எனக்கு நாக்கு கொஞ்சம் நீளுகிறது.

ஒக்னியனுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர் நீங்கள். அந்த உரிமையில்தான் உங்களைப் பொய் சொல்லச் சொல்கிறேன். கடவுள் அதைப் பாவக் கணக்கில் எழுதினால் என் பெயரில் எழுதட்டும்.

ஸ்மில்யா


கிகிந்தா,
பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் சரியான கள்ளன். இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று மதியம் போன் அடித்தது. ராதிவோய் எடுத்தார். நோவி சாத்துக்காரர். அந்த லென்ஸ் இன்னும் விலைபோகவில்லையாம், உங்கள் வீட்டம்மா வாங்கியாகிவிட்டது என்றார்களே, இப்போதும் அதே பதில்தானா என்று கேட்டிருக்கிறார். நான் கரண்டியும் கையுமாக நின்றேன். “அவ சொன்னது சரிதாங்க, வாங்கியாச்சு” என்று சொல்லிவிட்டு இவர் போனை வைத்தார்.

அப்புறம் மேசைக்கு வந்து, பீன்ஸ் சூப்பை என் தட்டில் ஊற்றினார். டிசம்பரிலேயே அந்த ஆளுடன் பேசி, நான் சொன்ன பொய்யைத் தெரிந்துகொண்டிருக்கிறார். தெரிந்தும் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டேன். “கை வெந்ததுகூடத் தெரியாம நின்னியேடி. அன்னைக்குத்தான் கோய்கோவுக்கு எழுதினேன். லென்ஸ் பத்தி என்கிட்ட மல்லுக்கு நிக்கறப்ப மட்டும்தான் இவ ரெண்டு வாய் சாப்பிடறா, நான் எதைக் கேட்டாலும் குறை சொல்லுடான்னு” என்றார்.

நானும் உங்களுக்கு அதையேதான் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டேன். இரண்டு பேர் கடிதத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை விடவில்லையே நீங்கள். எழுபது–முந்நூறின் மூடி பார்க்கச் சகிக்கவில்லை என்று எழுதினீர்கள். மூடியில் என்ன சகிக்காமல் போயிற்று என்று நாங்கள் இரண்டு நாள் அடித்துக்கொண்டோம்.

சரி, நிஜமாக உங்களுக்கு எந்த லென்ஸ்தான் வேண்டும் என்று கேட்டேன். எதுவும் வேண்டாம் என்றார். எனக்கும் எதுவும் வேண்டாம் என்றேன்.  தன் தட்டிலும் சூப்பை ஊற்றிக்கொண்டே அவர், “ஒக்னியன் இருந்தா நம்ம ரெண்டு பேரையும் லூசுன்னு சொல்லியிருப்பான்” என்றார். அவன் பெயரை இவர் வாயில் கேட்டு வருஷமாகப் போகிறது. சூப் ஒரே உப்பு. உப்பு என்று எனக்குத் தெரிந்தது, அண்ணா. அவரும் முகத்தைச் சுளித்தார், ஆனாலும் இருவரும் தட்டைக் காலி செய்தோம்.

மார்ச் பதினெட்டாம் தேதி கல்லறையில் பூசை, பிறகு வீட்டில் சாப்பாடு. நீங்கள் முதல் நாளே வந்துவிட வேண்டும். உங்களுக்கு ஒக்னியன் அறையில் படுக்கை போடலாம் என்று இவர் சொல்கிறார். நான் இன்னும் அந்தக் கதவைத் திறக்கவில்லை. நீங்கள் வருவதென்றால் திறக்கிறேன்.

இந்தக் கடிதத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார். காலையிலிருந்து அவர் எழுபது–இருநூறு என்கிறார், நான் இருபத்துநாலு–நூற்றைந்து என்கிறேன். இரண்டு பேருக்குமே எல்லாம் தெரியும், இருந்தும் விட மனம் வரவில்லை. எது நல்லது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் எழுதிவிடாதீர்கள். கடவுள் உங்களுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். இன்னும் கொஞ்ச நாளைக்கு எங்கள் இருவரையும் ஏமாற்றுங்கள்.

ஸ்மில்யா
ராதிவோய்