பட்டையின் பின்னால் என் சுழி

12 ஆகஸ்ட் 1957, திங்கள்

இன்று காலை ஒரு கார்த் தரகர் காஜா பேராங் தெருவில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வந்தார். மாதக் கடைசியில் வரும் மெர்டேக்கா சுதந்திர நாளுக்குள் ஒரு பழைய காரை மினுக்கி விற்க வேண்டுமாம். கதவில் ஓடும் குரோம் பட்டையை நீட்டினார். பின்பக்கத் திருகாணிகளில் ஒன்று ஒடிந்திருந்தது. பட்டையைப் பழைய இரும்புக் கடையில் வாங்கினாராம்.

புதுத் திருகாணி பற்றவைக்கப் பட்டையைத் திருப்பினேன். ஊசியால் கீறிய பிள்ளையார் சுழி இருந்தது. ஈயம் வைக்குமுன் நான்தான் அப்படிக் கீறுவேன். இந்த ஊரில் வேறு யாரும் கீறிப் பார்த்ததில்லை.

இது போன மாதம் ஊர் டாக்டர் காருக்கு நான் சரிசெய்த பட்டை. போன வாரம் காணாமல் போனது. என் ஈயப் பற்று விட்டுப்போய் வழியில் விழுந்திருக்கும் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். தலைகுனிந்து நின்றேன். என் பற்று இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது. பக்கத்துத் திருகாணியைத்தான் யாரோ நெம்பி ஒடித்திருக்கிறார்கள்.

தரகரை நாளை வரச் சொல்லிவிட்டு, பட்டையைத் துணியில் சுற்றிக் கட்டினேன். கூட்டாளி செல்லையா அப்போது பட்டறையில் இல்லை. மத்தியானம் வந்தவனிடம், "தரகர் ஒருத்தர் பட்டை ஒன்னு குடுத்துட்டுப் போயிருக்காரு" என்று மட்டும் சொன்னேன்.

ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே நிமிராமல் சொன்னான்: "அது டாக்டர் காரோடது இல்லண்ணே."

நான் டாக்டர் பேரையே எடுக்கவில்லை. துணிக்கட்டையும் அவிழ்க்கவில்லை.

பட்டையை வீட்டுக்கே கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். பட்டறைக்கு இரண்டு சாவி. ஒன்று அவனிடம்.