ஒன்பதாவது இலக்கம்

என் செல்லத் தம்பி சுதாவுக்கு,

குண்டசாலையில் சின்னம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன். கால் எலும்பு பொருந்திவிட்டது. ஊன்றுகோலோடு முற்றம் வரை போகிறேன். ஆனால் அறைக் கதவை யாராவது சாத்தினால் மூச்சு முட்டுகிறது. "நுளம்பு வந்து கடிக்குதுடி, சாத்து" என்கிறார் சின்னம்மா. நான் விடுவதில்லை.

புசல்லாவையில் அந்த மத்தியானம் மண் சரிந்து வீட்டின் மேல் விழுந்தபோது நான் சமையலறையில், நீ முன்னறையில். நடுச்சுவர் என் காலின் மேல் கிடந்தது. உன் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது.

"அக்கா, தூங்கிறாத. ஒரு நம்பர் சொல்றேன், மனசுல வச்சுக்க. ஏழு மூணு ஒம்பது மூணு, ஒம்பது ஒண்ணு மூணு மூணு."

ஏழு கோடியைத் தாண்டிய எண். "இது முதன்மை எண். ஒண்ணாலயும் தன்னாலயும் மட்டுந்தான் மிச்சமில்லாம வகுபடும்" என்றாய். கடைசி இலக்கத்தை எடுத்துவிட்டாலும் மிஞ்சுவது முதன்மை எண்தானாம். அடுத்ததை எடுத்தாலும் அப்படியே, ஏழு மட்டும் மிஞ்சும்வரை. கணக்குப் படித்த உனக்கு அது விளையாட்டு. துணிக்கடையில் நிற்கும் எனக்கு, அந்த இருட்டில் பிடித்துக்கொள்ள ஏதோ கிடைத்த மாதிரி இருந்தது.

"பின்னால இன்னொன்னு சேர்த்தா?" என்று கேட்டேன்.

"எதச் சேர்த்தாலும் உடைஞ்சிரும். இரட்டை எண்ணும் அஞ்சும் உடனே போயிரும். ஒண்ணோ ஏழோ சேர்த்தா மூணால வகுபடும். மூணு, ஒம்பது சேர்த்தாலும் தப்பாது, வேற எண்ணால வகுபட்டுரும். இதோட வழி முடிஞ்சிருச்சு."

"மண்ணுக்குள்ள கிடக்கிறப்ப இதையா சொல்ற?" என்று கத்தினேன். நீ இருமிக்கொண்டே சிரித்தாய். "அப்ப திரும்பி வா அக்கா. கடைசியிலேருந்து ஒவ்வொண்ணா எடுத்துச் சொல்லு."

சொன்னேன். எழுநூற்று முப்பத்தொன்பதுக்கு 'ம்' என்றாய். எழுபத்து மூன்றுக்கும். ஏழு என்றபோது ஒன்றும் வரவில்லை. எத்தனை தரம் சொன்னேன், கேட்டதா உனக்கு? மண்வெட்டிச் சத்தம் என் பக்கம்தான் முதலில் வந்தது. ஏன் என் பக்கம்?

போன கிழமை உன் கூட்டாளி குமரன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தான். நீ சொன்னது பிழையாக இருக்குமோ என்று கேட்டேன். "இல்லையக்கா, அவன் சொன்னது சரிதான். கணக்குக்காரர் எல்லாத்தையும் பாத்து முடிச்சிட்டினம். இந்த மாதிரி எண்ணில இதுதான் பெரிசு." அவன் போன பிறகு அழுதேன். ஒன்பதாவதாக ஓர் இலக்கம் எங்கோ இருக்கும் என்று நம்பியிருந்தேன் போலும்.

அம்மா அன்று கலஹாவுக்குப் போயிருந்ததால் தப்பினார். நீ உடனே போய்விட்டாய், வலியே தெரிந்திருக்காது என்று எல்லோரும் அவரிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள். நானும் தலையாட்டினேன். நேற்று என் முகத்தையே பார்த்துக் கேட்டார்: "அவன் ஒரு வார்த்தகூடப் பேசலியா?" ஊன்றுகோலுக்குக் கை நீட்டினேன். சட்டென எழுந்து போகக் கால் விடவில்லை.

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன், தம்பி. நீ பேசினாய், சிரித்தாய், பயந்தும் இருந்தாய், என்னை மட்டும் பயப்படவிடவில்லை என்று சொல்வேன். அம்மா தாங்குவாரா, தெரியாது. ஆனால் உன் கடைசிப் பேச்சை இனி நான் ஒருத்தியாகப் பூட்டிவைக்க மாட்டேன். சத்தியம்.

உன் கூடப்பிறந்த ஒரே அக்கா,
மாலதி