தந்த நிறப் பட்டில் ஒரு மஞ்சள் பொட்டு

15.10.2007 திங்கள்

கட்டைவிரல் இன்றும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஊசியைத் துணிக்குள் குத்தும்போது ஒன்றும் இல்லை. மறுபக்கம் பிடித்து இழுக்கும்போதுதான் விரலின் அடியிலிருந்து முழங்கை வரை சுண்டுகிறது. மத்தியானம் ஸ்பூனால் சாப்பிட்டேன். “என்னக்கா, நீயும் மதாம் ஆயிட்டியா?” என்று கூடத் தைக்கிற அஞ்சலாட்சி சிரித்தாள். சிரிக்கட்டும். அவளுக்கு விரல் நன்றாக இருக்கிறது.

மெரூன் வெல்வெட் கவுன் முடிந்தது. கவுனின் கைப்பகுதியில் மட்டும் எத்தனை கீறல்! கீறல் ஒவ்வொன்றிலும் உள்ளிருந்து வெள்ளைப் பட்டைப் பிதுக்கி விட்டு, ஓரத்தில் ஜரிகை லேஸ் வைத்து, முத்து தைக்க வேண்டும். அந்தக் காலத்துப் பிரெஞ்சு ராணிகள் அப்படித்தான் உடுத்தினார்களாம். இப்போது அந்த ஊர்க்காரர்கள் திருவிழாவில் வேஷம் கட்டிக்கொள்ள எங்கள் முதலாளி, பிரெஞ்சுக்கார மதாமிடம் வாங்குகிறார்கள். நல்ல துணியை எதற்குக் கிழிக்கிறார்கள் என்று அஞ்சலாட்சி இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். எனக்கும் பதில் தெரியாது.

பெட்டியில் வைக்குமுன் வழக்கம்போல நெஞ்சுப் பக்கம் கட்டைவிரலால் சின்னதாக ஒரு சிலுவை போட்டேன். அதற்கும் வலித்தது.

18.10.2007 வியாழன்

மழை. விரல். வேறு எழுத ஒன்றும் இல்லை.

24.10.2007 புதன்

மதாம் நாங்கள் தைக்கிற மாடிக்கு வந்தார். என் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சில்தான் எங்கள் பேச்சு. அதனால் மற்ற இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் - மெஷினில் நிர்மலா, தரையில் அஞ்சலாட்சி.

விஷயம் இதுதான். அடுத்த கவுன் தந்த நிறப் பட்டு. ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு. நவம்பர் பதினாறு அனுப்பியாக வேண்டும். மதாமிடம் வாடிக்கையாக வாங்குகிற கடைக்காரர் இதைப் பார்த்துத்தான் மேற்கொண்டு வேலை கொடுப்பார். கைவேலை தளர்ந்தது தெரிந்தால், ஊர் ஓரத்தில் மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனி இருக்கிறது, மொத்தத்தையும் மெஷினில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். “இந்த மாடியை மூட எனக்கு ஆசை இல்லை, அகஸ்டினா” என்றார். ஆசை இல்லை என்று சொல்லிக்கொண்டேதான் எல்லாவற்றையும் மூடுகிறார்கள்.

இறங்கிப் போனதும் இரண்டு பேரும் “என்னாக்கா? என்னாக்கா?” என்றார்கள். சொன்னேன். நிர்மலா மெஷினை நிறுத்திவிட்டாள். அஞ்சலாட்சிதான் முதலில் பேசினாள். “அப்ப அத நான் தெக்கிறேன். நீ பக்கத்துல குந்திக்கினு வாயால தெய்யி.”

வாயால் தைப்பதற்கு என்னை விட்டால் ஆள் இல்லைதான்.

02.11.2007 வெள்ளி

கல்லறைத் திருநாள். என் வீட்டுக்காரர் லூயிஸ் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினேன், தூறல் அணைத்தது. மறுபடி ஏற்றினேன், மறுபடி அணைந்தது. போதும் என்று விட்டுவிட்டேன். அவருக்குத் தெரியும், நான் அலுத்துப் போயிருக்கிறேன் என்று. இருந்திருந்தால் “வேலைய விட்டுத் தொல” என்றிருப்பார். விட்டால் அந்த இரண்டு பேர் எங்கே போவார்கள் என்றும் அவரே கேட்டிருப்பார்.

05.11.2007 திங்கள்

நாள் முழுக்கக் கத்தினேன். “நூல இழுத்துப் புடிக்காதடி, பட்டு சுருங்குது.” “முத்துக்கு முத்து முடிச்சு போடு, ஒண்ணு அறுந்தா எல்லாம் கொட்டும்.” அவளும் சளைக்கவில்லை. “ஒம் புள்ளைங்களா இருந்தா இப்பிடித் திட்டுவியா?” என்றாள். பிள்ளை இருந்தால்தானே தெரியும் என்றேன். அப்புறம் அவள் கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பை என் தட்டிலும் ஊற்றினாள்.

சாயங்காலம் கவுனைப் பொம்மைக்கு மாட்டிப் பார்த்தோம். முதுகுக் கயிற்றை இழுத்துக் கட்டினேன், பாவாடை வளையத்தின் மேல் விரிந்து நின்றது. உண்மையைச் சொல்ல வேண்டும் - கழுத்து ஓரத்து முத்து வரிசை என்னுடையதைவிட நேராக இருந்தது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் வீடு இருக்கிற தவளக்குப்பம் வரைக்கும் தரையில் கால் பாவாது.

07.11.2007 புதன்

கோரிமேடு ஆஸ்பத்திரி. விடியலில் போய் வரிசையில் நின்றேன். எலும்பு டாக்டர் சின்னப் பெண். விரலை அசைத்துப் பார்த்துவிட்டு, “ஊசி பிடிக்கிறத விட்டுடுங்கம்மா” என்றாள். கொஞ்ச நாளைக்கா என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். விரலுக்கு ஒரு பட்டை போட்டு அனுப்பினாள்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா, யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தோளைத் தட்டிக் கொடுத்தது. இல்லை என்று சொல்லவும் தெம்பில்லை.

மாடிக்குப் போகவில்லை. கீழ்மடிப்பு மட்டும்தான் பாக்கி, அஞ்சலாட்சியே முடித்து மூடி வைத்துவிட்டுப் போகட்டும். நாளைக்குத் தீபாவளி, அவளும் நிர்மலாவும் வரமாட்டார்கள்.

09.11.2007 வெள்ளி

இதை எழுதவே கை வரவில்லை. (இடது கையால் எழுதுவது வேறு.)

காலையில் மாடிக்குப் போய், கவுனை மூடியிருந்த போர்வையை எடுத்தேன். கவுனின் கீழ் ஓரத்தில், முன்பக்கம், ஒரு மஞ்சள் பொட்டு. மஞ்சள் கறை இல்லை - மஞ்சளேதான்! புதுத்துணிக்குத் தடவுவார்களே, அந்த மஞ்சள். உள்மடிப்பில் தடவியிருக்கிறாள், பட்டு குடித்து வெளியே காட்டிவிட்டது.

ஐயோ ஆண்டவரே. ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் என்ன? பொறுத்தேனா? ஓடிப்போய் பார் சோப்பை எடுத்துத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் சிவப்பாக மாறியது. ரத்தம் மாதிரி. மஞ்சளில் சோப்பு பட்டால் சிவக்கும் என்று சமையல் துணி துவைக்கிறவளுக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் எதுவும் தெரியவில்லை. போதாக்குறைக்குத் தண்ணீர் பட்ட இடம் முழுக்கப் பட்டில் வட்டமாகத் திட்டு. பொட்டு அளவு இருந்தது உள்ளங்கை அளவு ஆயிற்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்கு.

அஞ்சலாட்சி தீபாவளி முறுக்கோடு வந்து நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். இது உன் வீட்டுப் பாவாடையாடி? உனக்குக் கொடுத்தேனே, என்னைச் செருப்பால அடிக்கணும். மூணு பேரு சோத்துல மண்ணப் போட்டியே - இன்னும் என்னென்னவோ. “உள்பக்கம்தானேக்கா வச்சேன்” என்றாள். அவ்வளவுதான். முறுக்கை மெஷின் மேல் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

நிர்மலா என்னைப் பார்க்காமலே தைத்துக்கொண்டிருந்தாள்.

10.11.2007 சனி

எலுமிச்சம்பழச் சாறு ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். சிவப்பு இறங்கி மறுபடி மஞ்சளானது. மஞ்சளுக்கு ஒரே மருந்து வெயில். வெளியே கொட்டுகிறது. அஞ்சலாட்சி வரவில்லை.

11.11.2007 ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. வெயில் வேண்டும் என்று மட்டும் கேட்டேன். எனக்கு முன் வரிசையில் ஒரு கிழவர் மழைக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

12.11.2007 திங்கள்

இன்றும் அவள் வரவில்லை. வெயிலே வந்தாலும் தண்ணீர்த் திட்டு போகாது. அதன் மேல் சுற்றிலும் இன்னொரு வரிசை லேஸ் ஓட்டி மறைக்க வேண்டும். நிர்மலாவுக்குக் கைத்தையல் படியாது. எனக்குக் கை இல்லை. வீம்பு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பதினாறு வந்துவிடும். குடையை எடுத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன்.

தவளக்குப்பம் முனையில் இறங்கி விசாரித்துக்கொண்டே போனேன். அவள் வீட்டுக்காரர் தெய்வசிகாமணி வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “வாங்கக்கா” என்று முகம் கோணாமல் கூப்பிட்டார். அதுவே எனக்குக் கூச்சமாகப் போயிற்று. அவள் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“நான் திட்டினது தப்புடி. வா” என்றேன்.

“திட்டினதுக்கு ஒண்ணுமில்ல. எப்பவும் திட்டுறதுதானே.” முறத்தைக் கீழே வைத்தாள். “நீ அன்னிக்கு வரல. ஒவ்வொரு கவுனுக்கும் நீ சிலுவ போட்டுத்தான் பொட்டியில வெப்ப. அதப் போடாம எதுவும் போனதில்ல. நான் மொத மொதல்ல முழுசா தெச்சது, மொட்டையா போவணுமா? எனுக்கு சிலுவ போடத் தெரியாது. எனுக்குத் தெரிஞ்சத வச்சேன்.”

நான் குடையை மடக்கிச் சுவரோரம் சாய்த்தேன்.

“நீ போட்டா ஒட்டல. நான் வச்சது ஒட்டிக்கிச்சி. அதானக்கா?”

அங்கேயே, அந்த அரிசிக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்துவிட்டேன். தெய்வசிகாமணி டீ போட்டுக்கொண்டு வந்தார். குடித்துவிட்டு, “சோப்பு போட்டுக் கெடுத்தது நான்” என்றேன். அவள் கண்ணை அகல விரித்தாள். “மஞ்சளுக்கு யாராச்சும் சோப்பு போடுவாங்களா?” என்று கேட்டு, சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். பாவி!

13.11.2007 செவ்வாய்

வந்துவிட்டாள். வெயில் வரவில்லை.

14.11.2007 புதன்

வெயில்! பத்து மணிக்கு மேல் மேகம் கிழிந்தது. மொட்டை மாடியில் இரண்டு நாற்காலி போட்டு, கவுன் முழுவதையும் வெள்ளைத் துணியில் சுற்றி, கறை பட்ட இடத்தை மட்டும் வெயிலுக்குக் காட்டினோம். நிழல் நகர நகர நாற்காலியையும் நகர்த்தினோம். ஒருத்தி வானத்தைப் பார்க்க, ஒருத்தி காக்காயை விரட்ட. பிரசவித்தவளைப் பார்த்துக்கொள்வது போலத்தான் பார்த்துக்கொண்டோம்.

மூன்று மணிக்குள் மஞ்சள் போயே போய்விட்டது. தண்ணீர்த் திட்டு மட்டும் நின்றது. அஞ்சலாட்சி அங்கேயே, மாடி நிழலில் சப்பணம் போட்டு, லேஸை ஓட்டத் தொடங்கினாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவளே ஒருமுறை நிமிர்ந்து, “ஒடம்பு கிடம்பு சரியில்லயா?” என்றாள்.

15.11.2007 வியாழன்

மதாம் பார்த்தார். கழுத்து, கை, முதுகில் கயிறு கோக்கிற துளைகள் எல்லாம் பார்த்துவிட்டுக் குனிந்தார். மாதிரிப் படத்தில் இல்லாத லேஸ் வரிசை கீழே எப்படி வந்தது என்று கேட்டார்.

பொய் தயாராகத்தான் வைத்திருந்தேன், பிரெஞ்சில். அஞ்சலாட்சி முந்திக்கொண்டாள். “மஞ்ச வச்சேன், மதாம். நான்தான்.” மஞ்சள் என்ற சொல் மதாமுக்குத் தெரியும். சோப்பு போட்டது நான் என்று மீதியை நான் சொன்னேன். மதாம் மடிப்பைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். நிர்மலா சேலை முனையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“அனுப்புவோம். அங்கே என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம்” என்றார். சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. அது இன்னும் மோசம்.

16.11.2007 வெள்ளி

போயிற்று. பட்டை போட்ட விரலால் எப்படியோ சிலுவை போட்டேன்.

10.12.2007 திங்கள்

ஒரு சேதியும் இல்லை. திரைச்சீலையும் தலையணை உறையும் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் வெட்டிக் கொடுக்கிறேன், இஸ்திரி போடுகிறேன். நிர்மலா மேட்டுப்பாளையத்துக்கு எந்த பஸ் போகும் என்று விசாரித்து வைத்திருக்கிறாள். விசாரிக்கட்டும். நான் யாரையும் தேற்றுகிற நிலையில் இல்லை.

21.01.2008 திங்கள்

பொங்கல் கழித்து மாடி ஏறினால் மேஜை மேல் பச்சைப் பட்டு. கட்டுக் கட்டாக. மூன்று கவுனுக்கு.

“என்ன சொன்னார்கள்?” என்று மதாமைக் கேட்டேன்.

“ஒன்றும் சொல்லவில்லை. குறை இருந்தால் பக்கம் பக்கமாக எழுதுவார்கள்” என்றார். லேஸ் கட்டையும் முத்து டப்பாவையும் எடுத்து, வழக்கமாக என் பக்கம் வைப்பவர், அஞ்சலாட்சி பக்கம் வைத்தார். நல்லது. அப்படித்தான் நடக்க வேண்டும் என்று நானே வேண்டியிருந்தேன். இருந்தாலும் இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணும் சாக்கில் கொஞ்ச நேரம் திரும்பி நின்றேன்.

18.02.2008 திங்கள்

பச்சையில் முதலாவது முடிந்தது. பெட்டியில் வைக்க எடுத்தபோது அஞ்சலாட்சி என்னைப் பார்த்தாள். விரல் இன்றைக்கு அசையவே இல்லை. நீயே போடு என்றேன்.

கட்டைவிரலை முந்தானையில் நன்றாகத் துடைத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். “பாத்துக்கோ, மஞ்ச இல்ல.” பிறகு குனிந்து, கவுனின் நெஞ்சுப் பக்கம் சிலுவை போட்டாள். குறுக்குக் கோடு முதலில். நெடுக்குக் கோடு பிறகு, அதுவும் கீழிருந்து மேலே.

தப்பு என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. நிர்மலா பெட்டியை மூடிக் கயிறு கட்டினாள்.