சாம்பியன் என்று அச்சடித்த சட்டைகள்

ஜூன் 14, ஞாயிறு

டிவிக்கு முன்னால் இருந்தவர்கள்: நான், என் கணவர் ரோஸ்கோ, இவர் தங்கை யூனிஸ், சபை மூப்பர் டோல்பர்ட், அவர் மனைவி, பக்கத்து வீட்டு ஹார்லன். ஆறு பேர். நாற்பது துண்டு கோழி பொரித்தேன். முப்பத்தொன்று மிச்சம்.

கூடைப்பந்து இறுதிச் சுற்று. ஆளுக்கு மூன்று ஜெயித்தாயிற்று. சியாட்டிலில் ஏழாவது ஆட்டம். நம் லூயிவில் ஒரு புள்ளி பின்னால், இரண்டு நொடி பாக்கி, லமாண்டுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. என் பிள்ளைக்கு. குறுக்கே ஆளில்லாமல், நின்று நிதானமாகப் போடும் பந்து. முதலாவது வளையத்தில் பட்டு வெளியே போனது. இரண்டாவதும்.

ஹார்லன் தொப்பியை எடுத்துக்கொண்டு சொல்லாமல் போய்விட்டார்.

ஜூன் 16

அணியின் விமானம் வந்துவிட்டது. அவன் அதில் இல்லை. போனையும் எடுக்கவில்லை. "பசிச்சா வருவான், விடு" என்கிறார் இவர். முப்பத்தொரு வயதுப் பிள்ளையா, நாய்க்குட்டியா?

ஜூன் 17

மளிகைக் கடையில் எனக்குப் பின்னால் ஒருவன்: "கிராண்டலுக்குத் தம்பி பொறந்துட்டான்டா!" நான் யாரென்று தெரியாமல் சொன்னான். தெரிந்தும் சொல்லியிருக்கலாம்.

ஹாலிஸ் கிராண்டல் — எனக்குக் கல்யாணமான வருடம், இறுதிப் போட்டியில், வளையத்துக்கு அடியிலேயே நின்றும் பந்தைத் தவறவிட்டவர். ஊரைவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. அவர் அம்மாவை அடக்கம் செய்த அன்று நான் கல்லறைத் தோட்டத்தில் நின்றேன். குடும்பத்துக்குப் போட்ட நாற்காலிகளில் முன்வரிசையில் ஒன்று காலி.

ஆண்டவரே, அந்த நாற்காலியை எனக்குப் போடாதேயும்.

ஜூன் 18

இன்றும் எடுக்கவில்லை.

ஜூன் 20, சனி

வெளிநாட்டு ஏழைகளுக்கு அனுப்பும் துணிகளைக் கட்டச் சபைக் கூடத்துக்குப் போனேன். புதுப் பெட்டிகள் வந்திருந்தன. திறந்தால் டீ ஷர்ட். 'லூயிவில் — சாம்பியன்.' ஜெயித்ததும் மைதானத்திலேயே போட்டுக்கொள்ள, இரண்டு அணிக்கும் முன்கூட்டியே அடித்துவிடுவார்கள். தோற்றவர்களுடையது இந்த நாட்டில் யார் கண்ணிலும் படக் கூடாதாம்.

"அண்ணி, நீங்க வீட்டுக்குப் போங்க. நான் மடிச்சுக்கறேன்."

"உனக்கு மடிக்கத் தெரியாது யூனிஸ், சுருட்டத்தான் தெரியும்."

மடித்தேன். எல்லாவற்றையும்.

ஜூன் 21, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் போன். அவன்தான்.

"சாப்பிட்டியா?"

"அம்மா, நான் இனிமே அந்த ஊருக்கு வரல. ஆடவும் போறதில்ல."

வேதத்தில் தேடி வைத்திருந்த வசனத்தைச் சொல்லாமல், சட்டைகளைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை லாரி வருவதையும் சொன்னேன். ஏன் சொன்னேன்? அதுவா சொல்கிற நேரம்?

"எங்க அனுப்புறாங்க?"

"ஜாம்பியாவுக்கு."

"அங்க நிஜமாவே போட்டுக்குவாங்களா?"

"பின்ன? நல்ல பருத்தி."

"அப்ப அங்க நாங்க ஜெயிச்சுட்டோம்."

சிரித்தானா, அழுதானா — பிடிபடவில்லை. வைத்துவிட்டான்.

ஜூன் 23

நேற்று அவனிடமிருந்து போனில் ஒரே வரி: "லாரி எத்தனை மணிக்கு?"

இவரிடம் காட்டவில்லை. முழங்கால் போட்டு ஜெபித்தேன். காலையில் நான் அனுப்பியது இதுதான்:

"ஒன்பது மணிக்கு, சபை வாசலுக்கு. பெட்டிகளை மேலே அடுக்க வேண்டும். உன் அப்பாவுக்கு இடுப்புப் பிடிப்பு. மூப்பர் டோல்பர்ட்டுக்குக் கை எட்டாது. உயரமான ஆள் ஒருவர் வேண்டும். வருகிறாயா? சீக்கிரம் பதில் சொல்."