மேரி வெளியே நின்ற ஆட்டம்

சனிக்கிழமை, இரவு

இன்றைய லாக்ராஸ் ஆட்டத்தில் நான் பயிற்சி கொடுக்கும் திருவொற்றியூர்ப் பெண்கள் தோற்றுவிட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. ஆட்டத்தின் நடுவே எதிரணிப் பெண் ஒருத்தியின், பந்தை ஏந்தி எறியும் வலைக்கோல் உடைந்தது. மாற்றுக் கோல் வரும்வரை எங்கள் மேரியும் தானாகவே கோட்டுக்கு வெளியே போய் நின்றாள். மாநில அணிக்கு ஆள் எடுப்பவர்கள் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

துறைமுகத்தில் வேலை பார்க்கும் அவள் அப்பா நேராக என்னிடம் வந்தார்.

"இன்னா மிஸ், எம்பொண்ணு இன்னாத்துக்கு வெளிய நின்னுகினு இருந்தா? நீங்க சொன்ன கதையாமே?"

சொன்னேன். நூறு வருஷத்துக்கும் முன்னால் லண்டன் ஒலிம்பிக்கில் லாக்ராஸ் ஆட வந்தவை கனடா, பிரிட்டன் என்று இரண்டே அணிகள். கனடாக்காரர் ஒருவரின் கோல் உடைந்தபோது, வேறு கோல் கிடைக்கும்வரை தானும் ஆடாமல் நிற்பதாக பிரிட்டன்காரர் ஒருவர் முன்வந்தார்.

"ஜெயிச்சது யாரு?"

"கனடா."

"பாவம், அவன் வூட்ல இன்னா சொன்னாங்களோ" என்றார். மேரியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் போன் வந்தது. மேரியை எடுக்கவில்லை. காரணம் சொல்லவில்லை. கேட்கும் தெம்பு எனக்கும் இல்லை.

திங்கட்கிழமை அவளிடம் நான்தான் சொல்ல வேண்டும். அடுத்த தடவை உள்ளேயே நில் என்று சொல்ல மட்டும் எனக்கு வாய் வராது.