ஊசி குத்தாத முழங்கால்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. அப்பா முழு நலம். நான் இடுப்புக்கு மேலே நலம். நீயும் உன் சைக்கிள் பட்டறையும் நலமாக ஓடிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் அப்பாவிடம் தனியாக ஃபோனில், 'அம்மாவுக்கு இன்னும் என் மேல கோபமாப்பா, ரெண்டு வருஷமா இந்தப் பக்கமே வரலையே' என்று கேட்டாயாமே. அவர் ரகசியம் காக்கும் அழகு உனக்குத் தெரியும், ஃபோனை வைத்த கையோடு வந்து சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம். நேரில் பேசச் சொன்னால் எனக்கு வாய் வராது.

பதில் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரும், பொறுமையாகப் படி. எனக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். எலும்பு டாக்டர் படம் எடுத்துக் காட்டி, செய்ய வேண்டிய பயிற்சிகளை ஒரு தாளில் கொடுத்தார். அதைப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்துவிட்டு, வகுப்பில் மேஜையைப் பிடித்துக்கொண்டே பாடம் நடத்தி வந்தேன். உன் அத்தை அக்குபங்சர் அக்குபங்சர் என்று மூன்று மாதம் துளைத்ததில், ஊசியே தேவலாம் என்று ஆகிவிட்டது.

போவதற்கு முன் படிக்க வேண்டியதையெல்லாம் படித்தேன். சிலருக்கு வலி கொஞ்சம் குறைகிறதாம், குத்துவதுபோல் பாவனை செய்தாலும் ஏறக்குறைய அவ்வளவு குறைகிறதாம், தேய்ந்தது எப்படியும் திரும்ப வளராதாம். ஆகவே வலது காலில் மட்டும் குத்துங்கள், இடது கால் ஒப்பிட்டுப் பார்க்க இருக்கட்டும் என்று ஊசி போடும் அம்மாவிடம் சொன்னேன். அவர் ஊசி டப்பாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார். 'இருபது வருஷமா குத்தறேன், பாதி ஆளுக்குக் குத்தச் சொன்னது நீங்கதான்' என்றார். ஆனால் குத்தினார். ஊசி தலைமுடி கனம்தான், எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், இருபத்தைந்து நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

தினமும் காலையில் ஒவ்வொரு காலின் வலிக்கும் பத்துக்கு இவ்வளவு என்று நான் மார்க் சொல்ல, பழைய மார்க்கைப் பார்த்து நானே ஏமாந்துவிடக் கூடாது என்பதால் அப்பா நோட்டில் எழுதி ஒளித்து வைப்பார். ஆறு வாரம் கழித்து வாங்கிப் பார்த்தால், என்னைக் கேட்காமல் என் காலை நேரக் கோபத்துக்கும் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறார். வலது ஏழு, இடது ஏழு, கோபம் ஒன்பது என்று ஆரம்பிக்கிறது. கடைசிப் பக்கத்தில் வலது நான்கு, இடதும் நான்கு. ஊசியையே பார்க்காத காலுக்கு நான்கு எப்படி என்று அந்த அம்மாவிடம் நோட்டை நீட்டினால், 'உடம்பு ஒண்ணுதானேம்மா' என்று சிரிக்கிறார். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக விடைத்தாள் கையில் இல்லாமல் நான் படுத்தேனாம், அதுதான் மருந்து என்பது அப்பாவின் கட்சி. எனக்குப் பிறகுதான் உறைத்தது. முதல் நாளே அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கச் சொல்லியிருந்தார், நானும் தவறாமல் செய்தேன், இரண்டு காலுக்கும். மாணவர்கள் ஆய்வகத்தில் இப்படிச் செய்திருந்தால் நோட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். டாக்டரின் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன், அதே பயிற்சி. ஆக, எது வேலை செய்தது என்று எனக்குத் தெரியாது. அத்தைக்கு மட்டும் தெரியும்.

இப்போது உன் கேள்வி. வீடு பிடித்த அன்று, நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை, எழுபத்திரண்டு படி என்று பெருமையாகச் சொன்னாய். ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டுப் பட்டறை வைத்ததில் எனக்குக் கோபம் இருந்தது, நான்கு மாதம். மிச்ச இருபது மாதமும் முழங்கால். கோபக்காரி என்று நினைத்தாலும் நினைக்கட்டும், படி ஏற முடியாதவள் என்று நினைக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அதை நீ மனதில் வைத்துக்கொண்டு திரிவாய் என்று எனக்குத் தோன்றவில்லை. தப்புதான். இன்று காலை வலது மூன்று, இடது மூன்று, மூன்றாவது கட்டத்தில் அப்பா பூஜ்யம் போட்டார். நான் அதை அடித்துத் திருத்தவில்லை.

சனிக்கிழமை கல்லூரி நூலகத்தில் எழுபத்தாறு படி ஏறிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல் நின்றேன், ஒன்றில் அறிவிப்பே இல்லை. இறங்குவதுதான் கஷ்டம். ஆனால் உன் வீட்டிலிருந்து இறங்க அவசரமில்லை, ஒரு வாரம் தங்குகிறோம்.

தேர்வு முடிந்ததும் அடுத்த மாதம் புறப்படுகிறோம். கிரீஸ் கையோடு சாப்பிட உட்காராதே. உன் கையும் தொழிலும் என்றும் நன்றாக இருக்கட்டும். மறக்காமல் இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு நாற்காலி போட்டு வை. யாராவது கேட்டால் அப்பாவுக்கு என்று சொல், அவர் சம்மதித்துவிட்டார்.

அன்புடன்,
அம்மா